ரெண்டு லிங்க் இருக்கு சார், ரெண்டுமே டவுன்!

இந்திய வங்கிக் கிளைகள்ல ஒரு நாளைக்கு அதிகமாச் சொல்லப்படற பொய் எதுன்னு கேட்டா, "ஃபார்ம் தீர்ந்து போச்சு" இல்லைங்க. "சர்வர் டவுன்" தான். இருபது வருஷமா கவுன்டருக்குப் பின்னால உட்கார்ந்திருக்கிறவன் சொல்றேன், நம்பலாம். சர்வர் பாட்டுக்கு ஏதோ ஒரு பெரிய நகரத்துல ஏ.சி. அறைக்குள்ள சௌகரியமா ஓடிக்கிட்டிருக்கும். அதே நிமிஷம் பக்கத்து ஊர்க் கிளையில ஜனங்க பணம் எடுத்துக்கிட்டுப் போயிட்டிருப்பாங்க. விழுந்து கிடக்கிறது சர்வர் இல்லை. நீங்க நிக்கிற கிளையிலேயே, ஸ்டேஷனரி அலமாரிக்குப் பக்கத்துல, தூசி படிஞ்ச ஒரு ரேக் பெட்டி சுவத்துல தொங்கும் பாருங்க, அதுக்குள்ள இருக்கிற சுவிட்ச், ரவுட்டர், மோடம் இதுல ஏதோ ஒண்ணு.

(சுவிட்ச்னா லைட் போடற சுவிட்ச் இல்லை. கிளையில இருக்கிற எல்லாக் கம்ப்யூட்டரோட கேபிளும் வந்து சேர்ற பெட்டி. இந்த மேஜையில இருந்து வர்ற தகவலை அந்த மேஜைக்கோ, வெளியே போற ரவுட்டருக்கோ தள்ளிவிடற வேலை அதுக்கு. தெரிஞ்சவங்க மன்னிச்சுக்கோங்க. என் பதிவை எங்க சித்தியும் படிக்கிறாங்க.)

புனேல நெட்வொர்க் வேலை பார்க்கிற நம்ம நண்பர் ஒருத்தர் கேட்டார்: "சார், நீங்க பி.காம். படிச்சுட்டு எதுக்கு இதுல மூக்கை நுழைக்கிறீங்க? இது எங்க ஏரியா." இதே கேள்வியை வேற சிலரும் கேட்டிருக்காங்க. எல்லாருக்கும் சேர்த்து இன்னிக்கு பதில். நான் சொல்ல வர்றது ஒரே விஷயம்தான். ரெண்டாவது வழின்னு ஒண்ணை வாங்கி வெச்சுட்டு, அது உயிரோட இருக்கான்னு யாரும் பார்க்காம இருக்கிறது, ஒத்தை வழி வெச்சிருக்கிறதை விட மோசம். ஒத்தை வழின்னா பயமாவது இருக்கும்.

இதைச் சொல்ற தகுதி எனக்கு எங்கேயிருந்து வந்துதுன்னா, சாவிக் கொத்துல இருந்து வந்துது.

வங்கியில சேர்ந்த புதுசுல சொல்லிக் கொடுக்கிற முதல் பாடங்கள்ல ஒண்ணு, பெட்டகச் சாவி. பணப் பெட்டகம் ஒரு சாவியில திறக்காது. ரெண்டு சாவி, ரெண்டு பேர் கையில. ரெண்டையும் ஒரே ஆள் வெச்சிருந்தா அது பெரிய குத்தம். இது போக, டூப்ளிகேட் சாவி ஒரு செட் உண்டு. அதை அதே கிளையில வெச்சுக்க மாட்டோம். சீல் போட்டு வேற கிளைக்கு அனுப்பிடுவோம். இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது அடுத்த விதிதான். குறிச்ச காலத்துக்கு ஒரு தடவை அந்த டூப்ளிகேட் செட்டை வரவழைச்சு, அதைப் புழக்கத்துல விட்டுட்டு, இதுவரைக்கும் புழங்கின செட்டை சீல் போட்டு அனுப்பணும். ரிஜிஸ்டர்ல கையெழுத்தோட. எதுக்கு இந்தத் தொல்லைன்னு கேட்டா, பூட்டுல ஒரு தடவையும் நுழைச்சுப் பார்க்காத சாவி வெறும் இரும்புத் துண்டு. அது சரியான சாவிதானான்னு, அசல் தொலைஞ்ச அன்னிக்குத்தான் தெரியவரும்.

தனித்தனி ஆள். வேற இடம். அப்பப்போ போட்டுப் பார்க்கிறது. நெட்வொர்க்காரங்க ரிடண்டன்சின்னு பேர் வெச்சிருக்கிற விஷயத்தோட எலும்புக்கூடு இவ்வளவுதான். கம்ப்யூட்டர் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே இதை ரிஜிஸ்டர் போட்டு எழுதி வெச்ச துறை எங்களோடது. அதே துறைதான் ரெண்டு லிங்க்கையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுல சொருகி வெச்சிருக்கு. கோபம் வருமா வராதா?

விதர்பா பக்கம் நான் இருந்த ஒரு கிளையில நடந்ததைச் சொல்றேன். எந்த வங்கி, எந்த ஊர்னு கேட்காதீங்க. ஜூலை கடைசி வாரம். அந்தப் பக்கம் பருத்தி, சோயாபீன் போடற விவசாயிகளுக்கு அது எப்படிப்பட்ட வாரம்னு இங்கே இருக்கிறவங்களுக்குத் தெரியும். காரிஃப் பயிர்க் காப்பீட்டுக்கு வழக்கமா ஜூலை 31 தான் கடைசி நாள். சில வருஷம் நீட்டிப்பாங்க, சில வருஷம் நீட்டிக்க மாட்டாங்க. நம்பி உட்கார முடியாது. அந்த வாரத்துல ஒரு புதன்கிழமை காலையில, ரோட்டுல எங்கேயோ ஜே.சி.பி. தோண்டினதுல முதல் லிங்க் போச்சு. சரி, ரெண்டாவது லிங்க் வேற கம்பெனி, அதுவும் டவர் வழியா வர்றது, தானா மாறிக்கும்னு உட்கார்ந்தோம். மாறலை. ஏன்னா அது ஏற்கெனவே செத்திருந்தது. மோடத்தோட அடாப்டர் எரிஞ்சு போயிருந்தது. வந்த இன்ஜினியர் சுவிட்ச்சைத் திறந்து பார்த்துட்டுச் சொன்னார்: "அந்த போர்ட் விழுந்து 51 நாள் ஆச்சு சார்."

அம்பத்தியோரு நாள். அத்தனை நாளும் அந்த லிங்க்குக்கு வாடகை கட்டியிருக்கோம். அத்தனை நாளும் மேலிடத்துத் திரையில எங்க கிளை பச்சையா இருந்திருக்கு. எப்படின்னு பின்னால விசாரிச்சப்பத்தான் விளங்கிச்சு. அங்கே இருக்கிற மென்பொருள் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை கிளை ரவுட்டரைக் கூப்பிட்டு "இருக்கியா?"ன்னு கேட்கும். ரவுட்டர் "இருக்கேன்"னு சொல்லும். எந்த வழியா பதில் வருதுன்னு யாரும் கேட்கலை. ஒரு கால் உடைஞ்சவன் கிட்ட "நிக்கிறியா?"ன்னு கேட்டா, நிக்கிறேன்னு தானே சொல்லுவான்.

ரெண்டு நாள். வெளியே மழையில குடை பிடிச்சுக்கிட்டு நின்னவங்கள்ல பாதிப் பேர் வாடகை ஜீப்ல பதினஞ்சு கிலோமீட்டர் வந்தவங்க. ஒரு நாள் கூலியை விட்டுட்டு வந்தவங்க. அவங்க கிட்ட நாங்க என்ன சொன்னோம் தெரியுமா? "சர்வர் டவுன் ஹை, காகா. கல் ஆனா." நாளைக்கும் அதே வரி.

கணக்கு போட்டுக் காட்டறேன், அதுதானே நம்ம தொழில். ஒரு உதாரணத்துக்கு, ஒவ்வொரு லிங்க்கும் வருஷத்துல நூத்துல ஒரு பங்கு நேரம் படுத்துக்கும்னு வெச்சுக்குவோம். வருஷத்துக்கு 8,760 மணி நேரம். ஒத்தை லிங்க்னா சுமார் 88 மணி நேரம் கடை மூடல். ரெண்டு லிங்க், ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாதது, விழுந்த உடனே சரி பண்ணிடறாங்கன்னா, ரெண்டும் ஒரே நேரத்துல படுக்கிறது பத்தாயிரத்துல ஒரு பங்கு. அதாவது வருஷத்துக்கு சுமார் 53 நிமிஷம். அருமை! இதைக் காட்டித்தான் விக்கிறாங்க. இப்போ ரெண்டாவது லிங்க் விழுந்ததை யாரும் கவனிக்கலை, அதனால வருஷத்துல பாதி நாள் அது செத்துக் கிடக்குதுன்னு வெச்சுக்கோங்க. மறுபடி பெருக்குங்க. கிட்டத்தட்ட 44 மணி நேரம். 53 நிமிஷத்துக்குக் காசு கொடுத்துட்டு 44 மணி நேரம் வாங்கியிருக்கோம். நடுவுல இருக்கிற வித்தியாசம் முழுக்க, "விழுந்துட்டேன்"னு ஒரு தகவல் வரலைங்கிறது மட்டும்தான்.

கிளை அளவுல மட்டும் இந்தக் கூத்துன்னு நினைச்சுடாதீங்க. 2021 பிப்ரவரி 24, தேசியப் பங்குச் சந்தை ஞாபகமிருக்கா? நம்மள்ல பங்கு வாங்கி விக்கிறவங்களுக்கு மறக்காது. காலை 11.40-க்கு வியாபாரத்தை நிறுத்தினாங்க. மறுபடி ஆரம்பிக்கும்போது மதியம் 3.45. சாயங்காலம் 5 வரைக்கும் நேரத்தை நீட்ட வேண்டியதாப் போச்சு. அவங்க கிட்ட ஒரு லிங்க் இல்லை, ரெண்டு தொலைத்தொடர்பு நிறுவனங்கள் கிட்ட இருந்து பல லிங்க் இருந்தது. ரெண்டு பக்கமும் போச்சு. அவங்களே பின்னால விளக்கம் கொடுத்தப்போ, வழியில ரோட்டுல நடந்த தோண்டற வேலையும் ஒரு காரணம்னு தொலைத்தொடர்பு நிறுவனங்கள் சொன்னதாச் சொன்னாங்க. அது போக, லிங்க் போனாலும் பாதிக்காம ஓடியிருக்க வேண்டிய சேமிப்பு அமைப்பும் எதிர்பாராம செயலிழந்ததுன்னு ஒத்துக்கிட்டாங்க. அந்த ரெண்டாவது விஷயம்தான் முக்கியம். விழுந்தா தாங்கிக்கும்னு காகிதத்துல எழுதியிருந்த ஒண்ணு, நிஜமா விழுந்தப்போ தாங்கலை. டூப்ளிகேட் சாவி பூட்டுல திரும்பலை.

சரி, பெட்டிக்குள்ளே போவோம். சுவிட்ச் விஷயத்துல ரெண்டாவது வழி வைக்கிறதே ஒரு ஆபத்துன்னு பல பேருக்குத் தெரியாது. ரெண்டு சுவிட்ச் இருக்கு, ஒரு கேபிள் போனா இன்னொண்ணு இருக்கட்டும்னு ரெண்டு கேபிள் போடறீங்கன்னு வைங்க. அப்போ ஒரு வட்டம் உருவாகுது. அலுவலகத்துல "எல்லாருக்கும்"னு போட்ட ஒரு சர்க்குலரை, ஒவ்வொரு மேஜையும் ஜெராக்ஸ் எடுத்து மத்த எல்லா மேஜைக்கும் அனுப்பணும்னு உத்தரவு இருந்தா என்ன ஆகும்? அதேதான். அனுப்பினது திரும்பி வரும், அதையும் ஜெராக்ஸ் எடுத்து அனுப்புவாங்க. இன்டர்நெட் பாக்கெட்டுக்காவது ஆயுள் எண்ணுன்னு ஒண்ணு உண்டு, ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் ஒண்ணு ஒண்ணாக் குறைஞ்சு கடைசியில செத்துப் போகும். ஈதர்நெட் சட்டத்துக்கு அது கிடையாது. சாகாவரம். கொஞ்ச நேரத்துல மொத்த நெட்வொர்க்கும் அதே காகிதத்தைத் தூக்கிக்கிட்டுச் சுத்தும், வேற எந்த வேலையும் நடக்காது.

இதுக்கு மருந்து கண்டுபிடிச்சது ரேடியா பெர்ல்மன்ங்கிற அம்மா. டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனியில இருந்தப்போ, 1985-ல. ஸ்பானிங் ட்ரீன்னு பேர். சுவிட்ச்சுகள் தங்களுக்குள்ள பேசி, ஒருத்தரைத் தலைவரா வெச்சுக்கிட்டு, வட்டம் உண்டாக்கிற கேபிளைத் தூங்க வெச்சிடும். நடப்புக் கேபிள் அறுந்தா தூங்கறது எழுந்துக்கும். 1990-ல 802.1 டின்னு தரநிலை ஆச்சு. பழைய முறையில எழுந்துக்க 30-ல இருந்து 50 வினாடி ஆகும். 2001-ல வந்த விரைவு முறையில சில வினாடி, பல சமயம் அதுக்கும் குறைவு. 50 வினாடின்னா உங்களுக்கு அற்பமாத் தெரியும். கவுன்டர்ல பாதிப் பணம் எண்ணிக்கிட்டிருக்கும்போது திரை உறைஞ்சு செஷன் அறுந்து, என்ட்ரி விழுந்துதா இல்லையான்னு தெரியாம முழிக்கிற கேஷியர் கிட்ட கேளுங்க.

இதுல வேடிக்கை, தலைவரைத் தேர்ந்தெடுக்கிற விதம். யாரும் எதையும் அமைக்காம விட்டா, எல்லாச் சுவிட்ச்சுக்கும் முன்னுரிமை எண் ஒண்ணுதான், 32768. எல்லாரும் சமம்னா யாருக்குப் பதவி? எவனோட மேக் முகவரி சின்ன எண்ணோ அவனுக்கு. பெரும்பாலும் அது ரொம்பப் பழைய பெட்டியா இருக்கும். ஆமாங்க, சுத்தமான சீனியாரிட்டி பிரமோஷன்! மாடியில மூலையில கிடக்கிற, ஃபேன் சத்தம் போடற கிழட்டுச் சுவிட்ச் மொத்தக் கட்டடத்துக்கும் தலைவர். புதுசா லட்சக்கணக்குல வாங்கின பெட்டி அது கிட்ட கைகட்டி நிக்கும். நடுப் பெட்டியோட முன்னுரிமையை 4096-ன்னு மாத்தினா தீர்ந்தது. ஒரே வரி. அந்த ஒரு வரியை எழுதாத அலுவலகங்கள் எத்தனைன்னு இந்த வேலையில இருக்கிற நம்ம பசங்க யாரையாவது கேளுங்க, சிரிப்பாங்க.

அமெரிக்காவுல பாஸ்டன்ல பெத் இஸ்ரேல் டீக்கனஸ்னு ஒரு பெரிய மருத்துவமனை. ஹார்வர்டோட சேர்ந்தது. 2002 நவம்பர்ல அங்கே இதே வட்டப் பிரச்சினையில நெட்வொர்க் மொத்தமாப் படுத்தது. வருஷக்கணக்கா ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஒட்டி வளர்ந்த நெட்வொர்க். ஸ்பானிங் ட்ரீக்குப் பரிந்துரைச்ச 7 கட்ட எல்லையையும் தாண்டி நீண்டு கிடந்தது. சுமார் நாலு நாள் மருத்துவமனை காகிதத்துக்குத் திரும்பிச்சு. பரிசோதனை முடிவை ஆட்கள் கையில தூக்கிக்கிட்டு மாடிக்கு மாடி ஓடினாங்க. அந்த மருத்துவமனையோட தகவல் தொழில்நுட்பத் தலைவர் ஜான் ஹலாம்கா, நடந்ததை மறைக்காம வெளியே சொன்னார். அதனாலதான் நமக்குத் தெரியுது. நம்ம ஊர்ல இப்படி ஒண்ணு நடந்தா பத்திரிகைக் குறிப்பு என்ன சொல்லும்? "தொழில்நுட்பக் கோளாறு. சிரமத்துக்கு வருந்துகிறோம்." புள்ளி.

வட்டம் உண்டாக்க பெரிய மருத்துவமனையெல்லாம் வேணாம். கிளையில பிளக் பாயின்ட் பத்தலைன்னு யாரோ ஒருத்தர் கடையில நாலு போர்ட் சின்னச் சுவிட்ச் வாங்கி வந்து, ரெண்டு முனையையும் சுவத்துல சொருகினாப் போதும். இதைத் தடுக்கவும் பெட்டிக்குள்ளேயே வழி இருக்கு. மேஜைக்குப் போற போர்ட்ல வேற சுவிட்ச்சோட குரல் கேட்டா அந்த போர்ட்டை உடனே மூடுன்னு ஒரு காவல். வாங்கின பெட்டியிலேயே அது இருக்கு, யாராவது "போடு"ன்னு சொல்லணும், அவ்வளவுதான்.

ரவுட்டர்லயும் இதே கதை. ரெண்டு ரவுட்டருக்கும் சேர்த்து ஒரே பொது முகவரி கொடுத்து, ஒண்ணு போனா இன்னொண்ணு சில வினாடியில பொறுப்பெடுத்துக்கற மாதிரி வைக்கலாம். வி.ஆர்.ஆர்.பி.ன்னு சொல்லுவாங்க. ஆனா முதல் ரவுட்டருக்கு உயிர் இருந்து, அதோட வெளி லிங்க் மட்டும் செத்திருந்தா? வெளி லிங்க்கையும் கண்காணின்னு தனியாச் சொல்லி வைக்கலைன்னா, அது "நான்தான் மேனேஜர்"னு நாற்காலியை விடாம உட்கார்ந்திருக்கும். வர்ற காகிதத்தையெல்லாம் வாங்கி வாங்கிக் குப்பையில போடும். ரெண்டாமவர் கையைக் கட்டிக்கிட்டு வேடிக்கை பார்ப்பார். (எங்க துறையில சில மேனேஜர்கள் ஞாபகம் வர்றாங்க. வேணாம், விடுங்க.)

கண்காணிப்பு விஷயத்துக்கு வர்றேன், என் கோபமெல்லாம் இங்கேதான். ஒரு போர்ட் விழுந்தா சுவிட்ச்சே முன்வந்து தகவல் அனுப்பும். ட்ராப்னு பேர். எஸ்.என்.எம்.பி.ன்னு 1988-ல இருந்து இருக்கிற சங்கதி. ஆனா யாருக்கு அனுப்பணும்னு விலாசம் எழுதிக் கொடுக்கணுமில்லையா? பெட்டி அட்டையில இருந்து வந்தபடியே மாட்டிட்டுப் போனா, அது காத்துல கத்திக்கிட்டிருக்கும். விலாசம் கொடுத்தாலும் இன்னொரு சிக்கல். சாதாரண ட்ராப், பதிவுத் தபால் இல்லை. ஒப்புகை கிடையாது. போய்ச் சேர்ந்ததா இல்லையான்னு அனுப்பினவனுக்கே தெரியாது. எந்த லிங்க் விழுந்ததோ அதே லிங்க் வழியாத்தான் தகவலும் போகணும்னா, கதை முடிஞ்சுது. அதனால அப்பப்போ மேலே இருந்தும் ஒவ்வொரு போர்ட்டையும் தனித்தனியாக் கேட்கணும். கிளையைக் கேட்டாப் போதாது.

2021 அக்டோபர் 4 அன்னிக்கு ஃபேஸ்புக், வாட்ஸ்அப் எல்லாம் சுமார் ஆறு மணி நேரம் காணாமப் போச்சே, ஊர்ல இருக்கிற அம்மா கிட்ட வீடியோவுல பேச முடியாம நம்ம வீடுகள்ல எல்லாம் பதறினோமே, அன்னிக்கு அவங்க இன்ஜினியர்கள் உள்ளே நுழைஞ்சு பார்க்கிற வழியும், அது போனா பயன்படுத்தணும்னு வெச்சிருந்த மாற்று வழியும் சேர்ந்தே செத்திருந்ததுன்னு அந்த நிறுவனமே எழுதிச்சு. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அந்தக் கதி. ஆனா அவங்க எழுதினாங்க, காரணத்தோட, மறுநாளே.

தொழிற்சாலைக்குன்னு செய்யற சுவிட்ச்சுகள்ல ஒரு அருமையான ஏற்பாடு உண்டு. பின்னால ரெண்டே ரெண்டு கம்பி வர்ற ரிலே. ஒரு பக்க மின்சாரம் போனாலோ, குறிச்ச போர்ட் விழுந்தாலோ அந்த ரிலே விடும், சுவத்துல மாட்டின மணியோ சிவப்பு விளக்கோ வேலை செய்யும். நெட்வொர்க் வேணாம், மென்பொருள் வேணாம். துணை மின் நிலையங்கள்ல இன்னும் ஒரு படி மேலே போய், ஒவ்வொரு தகவலையும் ரெண்டு தனி நெட்வொர்க்ல ரெண்டு நகலா அனுப்பி, முதல்ல வந்ததை எடுத்துக்கிட்டு மத்ததை எறிஞ்சுடற முறையெல்லாம் இருக்கு. மாறுற நேரம் பூஜ்யம். வங்கிக் கிளைக்கு அதெல்லாம் வேணும்னு நான் கேட்கலை. ஒரு மணி கேட்கிறேன். அந்த 51 நாள்ல முதல் நாளே எங்க ரேக் பெட்டிக்கு மேல ஒரு சிவப்பு பல்பு எரிஞ்சிருந்தா, டீ கொண்டு வர்ற பையன் கூடச் சொல்லியிருப்பான்.

இன்னொண்ணு, கடிகாரம். எங்க மோடம் பதிவைத் திறந்தா தேதி ஜனவரி 1. சில கம்பெனிப் பெட்டிகள் நேரம் அமைக்கலைன்னா 1993 மார்ச் 1-ல இருந்து எண்ண ஆரம்பிக்கும். தேதியில்லாத வவுச்சரை எந்த ஆடிட்டராவது ஏத்துக்குவாரா? சுவிட்ச் பதிவுல மட்டும் எப்படி ஏத்துக்கறாங்க? நேரத்தை மைய சர்வர்ல இருந்து வாங்கிக்கோன்னு ஒரு வரி எழுதணும். அதுவும் ஒரே வரி.

குத்தம் யாரோடது? டெண்டர் போடறவங்க "ரெண்டு லிங்க், ரெண்டு நிறுவனம்"னு எழுதறாங்க. ரெண்டு பாதை, ரெண்டு மின்சாரம்னு எழுதறதில்லை. ரெண்டு நிறுவனத்தோட கேபிளும் வாசல்ல ஒரே குழாய் வழியா உள்ளே வரும். பராமரிப்பு ஒப்பந்தக்காரர் பெட்டியை மாட்டி, விளக்கு எரியுதான்னு பார்த்து, கையெழுத்து வாங்கிக்கிட்டுப் போயிடுவார். அவருக்கு ஒரு நாளைக்கு நாலு கிளை, பாவம். தணிக்கைத் தாள்ல "மாற்று லிங்க் உள்ளதா: ஆம் / இல்லை". ஆம். முடிஞ்சுது. கடைசியா எப்போ அதுல வேலை நடந்ததுன்னு ஒரு கட்டம் கிடையாது. ரிசர்வ் வங்கி 2023 நவம்பர்ல வெளியிட்ட தகவல் தொழில்நுட்ப ஆளுகை பத்தின வழிகாட்டுதல்ல, முக்கிய அமைப்புகளுக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவையாவது பேரிடர் மீட்பு ஒத்திகை வேணும்னு சொல்லியிருக்கு. நல்ல விஷயம். ஆனா நான் பார்த்த வரைக்கும் ஒத்திகை டேட்டா சென்டரோட நின்னுடுது. ஸ்டேஷனரி அலமாரி வரைக்கும் வர்றதில்லை.

இப்போ நம்ம வீட்டுப் பிள்ளைகளுக்கு. கோவிச்சுக்காதீங்க. பெங்களூர், ஐதராபாத், புனேன்னு ராத்திரி ஷிப்டுல திரையைப் பார்த்துக்கிட்டிருக்கிறவங்கள்ல நம்ம ஆளுங்க எத்தனை பேர்! "சார், ஒரு ஷிப்டுக்கு ஆயிரக்கணக்குல அலாரம் வருது, எதைப் பார்க்கிறது"ன்னு சொல்றீங்க. நியாயம்தான். ஆனா அதுல பெரும்பாலானது சாயங்காலம் ஆபீஸ் விட்டுப் போகும்போது யாரோ கம்ப்யூட்டரை அணைச்சதால போர்ட் விழுந்த தகவல். அதை முதல்லயே வடிகட்டி, வெளி லிங்க், சுவிட்ச்சுக்கும் சுவிட்ச்சுக்கும் நடுவுல இருக்கிற கேபிள், மின்சாரம் இது மூணுக்கு மட்டும் கூவட்டும்னு அமைக்கிறது உங்க வேலை. அதைச் செய்யாம "அக்னாலெட்ஜ்" பட்டனை அமுக்கிக்கிட்டே இருக்கிறது, செக்கைப் பார்க்காம பாஸ் பண்ற மாதிரி. எங்க வேலையில அதுக்கு சஸ்பென்ஷன்.

செலவாகும்னு ஒரு வாதம் வரும். எங்கே ஆகும்? முன்னுரிமை எண், போர்ட் காவல், ட்ராப் விலாசம், கடிகாரம், எல்லாமே காசு கொடுத்து வாங்கின பெட்டிக்குள்ள ஏற்கெனவே தூங்கிக்கிட்டிருக்கு. ரெண்டாவது மோடத்தை வேற யு.பி.எஸ்.ல சொருகறதுக்கு ஒரு எலக்ட்ரீஷியன், அரை மணி நேரம். மூணு மாசத்துக்கு ஒரு தடவை, சனிக்கிழமை சாயங்காலம் கவுன்டர் மூடினப்புறம், முதல் லிங்க் கேபிளைக் கையால பிடுங்கிட்டு, ஒரு பாஸ்புக் என்ட்ரி போட்டுப் பார்த்துட்டு, மறுபடி சொருகி, மேலிடத்துக்குத் தகவல் போச்சான்னு ஃபோன்ல கேட்டு, சாவி ரிஜிஸ்டருக்குப் பக்கத்துல ஒரு ரிஜிஸ்டர்ல தேதி போட்டு ரெண்டு பேர் கையெழுத்து. கேபிளைப் பிடுங்க பயமா இருக்குன்னு யாராவது சொன்னா, அந்தக் கிளையில ரெண்டாவது லிங்க் இல்லைன்னு எழுதிக்கலாம். ஆடிட்டர் வேற எதையும் பார்க்க வேணாம்.

வெளியூர்ல இருக்கிற நாம இதுல என்ன செய்யறதுன்னா, ஒரு கேள்வி கேட்கலாம். ஊர்ல அப்பாவோ அம்மாவோ பென்ஷனுக்கோ, நவம்பர்ல உயிர்ச் சான்றிதழுக்கோ போய், "சர்வர் டவுன், நாளைக்கு வாங்க"ன்னு திருப்பி அனுப்பப்பட்டா, சும்மா "நெட்வொர்க் சரியில்லை"ன்னு புகார் எழுதாதீங்க. அதுக்கு அச்சடிச்ச பதில் தயாரா இருக்கு. "அன்னிக்கு மாற்று லிங்க் வேலை செஞ்சதா? கடைசியா எந்தத் தேதியில அதைச் சோதிச்சீங்க?"ன்னு எழுத்துல கேளுங்க. தேதி கேட்டா அச்சடிச்ச பதில் உதவாது. யாராவது ஒருத்தர் எழுந்து போய் அந்த ரேக் பெட்டியைத் திறந்து பார்த்தாகணும்.

பி.கு.: "எங்க அபார்ட்மென்ட்ல கேமரா எல்லாம் திடீர்னு ஒண்ணாப் போயிடுது, ரீஸ்டார்ட் பண்ணினா சரியாகுது"ன்னு போன பதிவுல ஒருத்தர் கேட்டிருந்தீங்க. எல்லாம் ஒண்ணாப் போகுதுன்னா கேமராவைச் சந்தேகப்படாதீங்க. வாட்ச்மேன் அறையில இருக்கிற சுவிட்ச்ல எந்தக் கேபிளாவது ரெண்டு முனையும் அதுலயே சொருகியிருக்கான்னு முதல்ல பாருங்க. அது இல்லைன்னா அடாப்டர். அதுவும் இல்லைன்னா பின்னூட்டத்துல எழுதுங்க, புனே நண்பரைக் கேட்டுச் சொல்றேன்.